மாமன் சீரில் வந்த சொப்பு

அருப்புக்கோட்டையில் எந்தப் பொம்மைக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "பையனுக்கா, பொண்ணுக்கா?" பையன் என்றால் கடைக்காரரின் கை ஒரு பக்கம் போகும்: துப்பாக்கி, கார், கிரிக்கெட் மட்டை. பொண்ணு என்றால் இன்னொரு பக்கம்: சொப்புச் சாமான், கண் மூடித் திறக்கும் பொம்மை, குட்டிச் சீப்பு. நான் "வயசக் கேளுங்கண்ணே, அது போதும்" என்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். கண் அவருடையது, பிள்ளை என்னுடையது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் வாக்கப்பட்டு, தினமும் பஸ் ஏறி டவுனுக்குப் போய், மருந்துக் கடையில் பொழுதுக்கும் நின்று பத்துப் பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்? அந்த வாய் இல்லாவிட்டால் என் மகன் இன்றைக்கு எப்படி இருந்திருப்பானோ தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு ஐந்து. தாய்மாமனான என் தம்பி வெளியூர் வேலையில் இருந்ததால் பிள்ளைகளின் காதுகுத்து தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒன்றாகக் குத்திவிடுவது என்று முடிவானது.

மகளுக்கு டிராக்டர் பைத்தியம். கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை மண் அள்ள டிராக்டர்கள் வரிசையாக வரும். அவள் கரையில் குந்தி உட்கார்ந்து, எந்தக் கம்பியை இழுத்தால் டிப்பர் தூக்குகிறது என்பதுவரை பார்த்து வைத்திருந்தாள். வீட்டில் ஒரு செங்கல்லுக்குப் பின்னால் அட்டைப் பெட்டியைக் கட்டி, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு முற்றத்து மண்ணையெல்லாம் இடம் மாற்றுவாள். என் மாமனாருக்கு அதில் ஒரே பெருமை. "கலெக்டராகாட்டியும் டிராக்டராவது ஓட்டிப் பொழச்சுக்கிருவா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். ஊரும் கூடச் சிரிக்கும். பெண்பிள்ளை ஆண்பிள்ளை விளையாட்டு விளையாடினால் அது ஒரு படி ஏறுவது மாதிரி எல்லோருக்கும் தோன்றுகிறது.

இறங்கினால்தான் சங்கடம். மகனுக்குப் பிடித்தது சமையல். அக்காவுக்கென்று யாரோ கொடுத்து அவள் திரும்பிக்கூடப் பார்க்காத பிளாஸ்டிக் சொப்பை அவன் எடுத்துக்கொண்டான். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைப்பான். முருங்கை இலையைக் கிள்ளிப் போடுவான், வேப்பம்பழத்தை நசுக்கி ஊற்றுவான், குச்சியால் துழாவுவான். கடைசியில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு 'சர்ர்' என்று உறிஞ்சி, ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்ப்பான். பிறகு தலையை ஆட்டுவான். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. நான் கரண்டியில் ருசி பார்க்கிறவள். இந்தக் கண் மூடும் கூத்தை இவன் எங்கே பிடித்தான் என்று யோசித்து, டிவியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சிரிப்பு வரவில்லை. பேரன் மேல் அவருக்கு உயிர். எங்கே போனாலும் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார். சந்தைக்கும் அப்படித்தான், குலசாமி கோயிலில் கிடா வெட்டென்றாலும் அப்படித்தான். அந்தப் பாசம்தான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். ஒரு நாள் சொப்பையெல்லாம் வாரிச் சாக்கில் போட்டுப் பரணில் எறிந்துவிட்டு, ஒரு துப்பாக்கியை வாங்கி வந்து கொடுத்தார். "ஆம்பளப் பயலுக்கு அடுப்படியில என்னடா வேல? ஊரே சிரிக்கும்லே."

பையன் அழவில்லை. அழுதிருந்தால் நான் கவனித்திருப்பேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டான், தாத்தா பார்க்கும்போது இரண்டு தடவை சுட்டான். நானும் பிள்ளை மறந்துவிட்டான் போல என்றுதான் இருந்தேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து கொல்லைப் பக்கம் போனேன். விறகுக்கு அடுக்கி வைத்திருந்த பருத்திமாருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தால் இவன். கொட்டாங்கச்சி இரண்டு, கல் மூன்று, ஒரு குச்சி. என் காலடிச் சத்தம் கேட்டதும் தோளில் கிடந்த துண்டை உருவி அடுப்பை மூடினான். மூடிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றான்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'ஒண்ணுமில்ல' என்று சொல்லத் தெரிந்துவிட்டது. அவன் சமையல்காரன் ஆவானா, போலீஸ் ஆவானா என்பதெல்லாம் எனக்குக் கவலையே இல்லை. பிடித்ததைத் துண்டு போட்டு மூடக் கற்றுக்கொண்டால், நாளைக்கு வலிப்பதையும் மூடுவான், பயப்படுவதையும் மூடுவான். அப்படி மூடி மூடி வளர்ந்த ஆண்களை மருந்துக் கடையில் தினம் பார்க்கிறேன். என்ன செய்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் "ஒரு மாத்திர குடுங்க" என்று நிற்பார்கள். என் பிள்ளை அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

அன்றைக்கே மாமாவிடம் பேசினேன்.

"மாமா, அவன் சொப்ப எறக்கிக் குடுங்க."

"ஏத்தா, நாலு பேரு நம்ம பயலப் பாத்து என்ன சொல்லுவாக?"

"கோயில்ல கெடா வெட்டுனா யாரு சமைக்கா? நீங்கதான? எங்கள அந்தப் பக்கமே விட மாட்டீகளே."

"அது சாமி காரியம். இது வேற" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்பா சொன்னா விடேன், பெரிய மனுசன்" என்றார். லோடு வண்டி ஓட்டுகிறவர், அருப்புக்கோட்டை கூட்ட நெரிசலில் யார் மேலும் இடிக்காமல் வண்டியை நகர்த்திப் பழகியவர். வீட்டிலும் அதே ஓட்டம்தான்.

எனக்கு ஒரு வழி தென்பட்டது. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது சாதாரணக் காரியமில்லை. மேளம் முன்னால் போக, தட்டுத் தட்டாக ஊர் பார்க்க வரும். தட்டில் என்ன இருந்தாலும் யாரும் குறை சொல்லக் கூடாது, ஒதுக்கி வைக்கக் கூடாது. ஒதுக்கினால் மாமன் வீட்டையே வாசலில் நிறுத்தி அவமானப்படுத்திய மாதிரி. பகையாகிவிடும். இவ்வளவு பலமான வழக்கத்தைச் சும்மா விடுவேனா நான்?

தம்பிக்குப் போன் போட்டேன். "சீர்த்தட்டுல வெளையாட்டுச் சாமானும் வைடா. அவளுக்கு டிப்பர் தூக்குற டிராக்டரு. இவனுக்குச் சொப்பு."

"எக்கா, மாத்திச் சொல்லலியே?"

"மாத்தியெல்லாம் சொல்லல."

"ஒம் மாமனாரு என்னையக் கட்டிவச்சுத் தோல உரிக்கவா கூப்புடுற?"

"உரிச்சா நான் நடுவுல நிக்கிறேன். பிளாஸ்டிக் வேணாம். பித்தளையில வாங்கு."

காதுகுத்து நரிக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில். சுற்றிலும் கருவேலங்காடு, நடுவில் சின்னக் கட்டடம். முன்பக்கம் பெண்கள் பொங்கல் வைப்போம். பின்பக்கம் ஆண்கள் கிடா அறுத்துக் கறி சமைப்பார்கள். சாமிக்குப் படையல் போடும்வரை பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. சுவர் மூலையில் ஒரு கல் நட்டிருக்கும், அதுதான் எல்லை. அத்தனை வருஷத்தில் அந்த அடுப்பை நான் பார்த்ததேயில்லை, அங்கிருந்து வரும் குழம்பைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரண்டு பேருக்கும் மொட்டை. சந்தனம் பூசி, ஒரே மாதிரி மஞ்சள் துணியைச் சுற்றி உட்கார வைத்தோம். தூரத்துச் சொந்தம் ஒருவர் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல பய யாரு, புள்ள யாருத்தா?" என்றார். எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. மொட்டை ஒன்று, சந்தனம் ஒன்று, குத்தப் போகிற காதும் ஒன்றுதான். ஆண்பிள்ளை கம்மல் போட்டால் ஊர் சிரிக்கும் என்று இங்கே எவரும் சொல்வதில்லை.

மேளச் சத்தத்தோடு சீர் வந்தது. தம்பி தட்டுகளை இறக்கிவிட்டு முகம் கழுவப் போனான். நான் பொங்கல் பானையைப் பார்க்கத் திரும்பினேன். அந்தச் சின்ன நேரத்தில்தான் என் சின்ன மாமியார் தட்டுகளை அடுக்கியிருக்கிறார். பையன் முன்னால் பித்தளைச் சொப்பு, பெண் முன்னால் டிராக்டர் என்று இருந்ததும் பதறிவிட்டார். "அய்யய்ய, தட்டு மாறிப் போச்சே" என்று எல்லோர் முன்னாலும் இரண்டையும் எடுத்து மாற்றி வைத்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஒரு சபையில் பையனுக்குச் சொப்பு வரும் என்று நினைக்க அவருக்கு வழியே இல்லை.

நான் திரும்பும்போது மகள் தன் முன்னால் இருந்த சொப்பை முறைத்துக்கொண்டிருந்தாள். மகன் முகம் கழுவி வந்து உட்கார்ந்த தம்பியின் மடியில், டிராக்டருக்கு எதிரே. அவன் பக்கத்துத் தட்டில் மின்னிய பித்தளைப் பானையைப் பார்த்தான். பிறகு தாத்தா எங்கேயாவது நிற்கிறாரா என்று நாலு பக்கமும் பார்த்தான். பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு தட்டையும் பழையபடி மாற்றி வைத்தேன்.

"அத்தே, தட்டு மாறல. என் தம்பி சரியாத்தான் கொண்டாந்தான்."

"ஊரு என்ன சொல்லும்த்தா?"

"மாமன் சீரப் பத்தி ஊரு என்னத்தே சொல்ல முடியும்?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். சின்ன மாமியார் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். தம்பி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். காது குத்த வந்த ஆசாரி "நேரமாகுதுல்ல" என்று கம்பியை எடுத்தார். இரண்டு பேருக்கும் குத்தி முடித்ததும், மகள் கண்ணீரோடேயே டிராக்டரை மணலில் இறக்கினாள். மகன் பித்தளைப் பானையை நெஞ்சோடு அணைத்து எழுந்தான். தம்பி அவன் தோளில் போட்டிருந்த சீர்த்துண்டு தரையில் இழுபட, நேராகக் கோயிலுக்குப் பின்பக்கம் நடந்தான்.

அங்கே மாமா இருந்தார், அவரோடு எங்கள் வகையறா ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை கடுசாகச் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பானை ஆயுசுக்கும் துண்டுக்கு அடியில்தான். பின்னாலேயே ஓடினேன். எல்லைக்கல்லுக்கு வந்ததும் நின்றேன். தாண்டினால் பிள்ளை பேச்சு போய், மருமகள் சாமி குற்றம் செய்த பேச்சாகிவிடும். என் வாய் உதவாத இடம் அது ஒன்றுதான்.

சாமிக்குப் படைக்க வேண்டியதைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு, மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தார். கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். 'சர்ர்' என்று உறிஞ்சினார். ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்த்தார்.

டிவியாம் டிவி.

பையன் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். தோள் துண்டை எடுத்தான். மூடப் போகிறானோ என்று நான் பார்க்க, அதைத் தன் மொட்டைத் தலையில் சுற்றிக் கட்டினான். மூன்று கல்லைக் கூட்டினான், பானையை ஏற்றினான், குச்சியால் துழாவினான். உள்ளங்கையில் இல்லாத ஒரு சொட்டை விட்டு உறிஞ்சி, கண்ணை மூடி வானத்தைப் பார்த்தான்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தியைக் கீழே வைத்தார். "சித்தப்பா, அப்புடியே ஒங்கள உரிச்சு வச்சிருக்கான்யா." அங்கிருந்த ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஊர் சிரிக்கும் என்று மாமா பயந்தாரே, இதுதான் அந்தச் சிரிப்பு.

மாமா சிரிக்கவில்லை. பேரனையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குழம்பை அள்ளி, வாயால் ஊதி ஊதி ஆறவைத்து, அந்தப் பித்தளைப் பானைக்குள் ஊற்றினார்.

"ருசி பாத்துச் சொல்லுலே."

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தான். "உப்புப் பத்தல தாத்தா."

மாமா உப்புச் சட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

படையல் முடிந்து பந்தியில் நான்தான் குழம்பு ஊற்றினேன். ஊற்றுமுன் கரண்டியில் ருசி பார்த்ததும் எனக்கே தெரிந்தது. மாமாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தூரத்துச் சொந்தம், மொட்டையில் பய யாரு புள்ள யாரு என்று கேட்டவர், தண்ணீரைக் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே மாமா, கை தவறிருச்சோ?" என்றார்.

மாமா இலையிலிருந்து நிமிரவில்லை. "கையெல்லாம் தவறல. என் பேரன் போடச் சொன்னான், போட்டேன். தின்னுட்டு எந்திரி" என்றார்.

பேரன் அவர் பக்கத்து இலையில், தலைத்துண்டை அவிழ்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு பேருக்கும் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.