நட்டு வந்த கை

மோட்டார் ரிப்பேர் பட்டறையில் எல்லோரும் அவரை விஞ்ஞானி என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தது பத்தாவது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுவது அவர் வேலை. கை பாட்டுக்குச் சுற்றை எண்ணும். வாய் பாட்டுக்குச் செவ்வாய் கிரகத்தில் தண்ணீர் தேடும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அன்றைய அறிவியல் செய்திகளை ஒன்றுவிடாமல் போனில் படித்துவிடுவார். படித்ததை வைத்து வாதாடுவதில் இருந்த ருசி அவருக்குச் சாப்பாட்டில்கூட இருந்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சுற்றி முடித்த காயில்களுக்கு வார்னிஷ் அடிக்கும் அக்கா போனைப் பார்த்து ஏதாவது ஒரு செய்தியின் முதல் நான்கு வரியைப் படிப்பார். பிறகு ஒரு கையில் நட்டு, மறு கையில் வாஷர் வைத்து மூடி, இரண்டு பேரிடம் நீட்டுவார். நட்டு வந்தவர் செய்தி சரி என்று பேச வேண்டும், வாஷர் வந்தவர் தப்பு என்று. உண்மையில் நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. தோற்றவர் எல்லோருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஆள் அதற்கும் ஒருபடி மேலே, அடுத்தவர் பிடித்துக் கொடுத்த முயலுக்கே மூன்று கால் என்று சாதிப்பார். ஏழு வருஷத்தில் அவர் கிளாஸ் கழுவியது நான்கே தடவை.

இரும்பு கடையும் லேத் மெஷினை ஓட்ட ஆள் தேவைப்பட்டபோது தங்கையின் கணவரை அவரே சொல்லிச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். லேத்தைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் சாப்பிட வருவார். அதற்குள் நட்டும் வாஷரும் எடுத்து முடிந்திருக்கும். அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே அவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்ததை யார் மெனக்கெட்டுச் சொல்கிறார்கள்? மச்சான் பேசுவதெல்லாம் மச்சான் நினைப்பது என்றே எடுத்துக்கொண்டார். வேறெப்படி எடுத்துக்கொள்வார், பாவம்.

ஒருநாள் அக்கா படித்த செய்தி, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு அது தேவையே இல்லை என்று ஏதோ ஓர் ஆய்வு சொல்வதாக இருந்தது. விஞ்ஞானிக்கு நட்டு. மோட்டாரைக் கழற்றிப் பூட்டும் பிட்டருக்கு வாஷர்.

அந்தச் செய்தியின் கடைசிப் பத்தியையும் விஞ்ஞானி காலையிலேயே படித்திருந்தார். ஆய்வு மிகச் சிறியது, டாக்டரைக் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியது வாஷர்காரர். வாஷர்காரர் படித்திருக்கவில்லை. அது நம் தப்பா என்று விஞ்ஞானி கமுக்கமாக இருந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி வாசல மிதிச்சாலே யாருக்கும் பிரஷர் ஏறும். பயத்துல ஏறினத அளந்து எழுதி, ஆயுசுக்கும் மாத்திரை தின்னுன்னு அனுப்பிடறாங்க" என்று ஆரம்பித்தார்.

"அப்போ டாக்டருங்கள்லாம் முட்டாளா?" என்றார் பிட்டர்.

"யாரு சொன்னா? அவங்களுக்கும் பயம். எழுதாம விட்டு ஏதாவது ஆயிட்டா?"

பிட்டர் கிளாஸ்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். லேத்தைத் துடைத்துவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார்.

"நெசமாவா மச்சான்?"

"பின்ன பொய்யா?" என்று சிரித்தார் விஞ்ஞானி. மாப்பிள்ளைக்குப் பிரஷர் இருப்பது அவருக்குத் தெரியும். ஜெயித்த மிதப்பில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு, மாப்பிள்ளை லேத்துக்குப் பக்கத்தில் சரிந்தார். சுற்றும் இரும்பின் மேல் விழாமல் பின்பக்கமாக விழுந்தது யார் செய்த புண்ணியமோ. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கை தூக்க வரவில்லை. பிரஷர் ஏறி வந்த பக்கவாதம், உயிருக்கு ஆபத்தில்லை, கை திரும்ப வருமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். லேத்காரருக்கு வலது கை இல்லையென்றால் பிறகு என்ன இருக்கிறது?

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தங்கை மாத்திரை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னைத் திட்ட வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க மச்சான். நீங்க சொன்னது சரிதான். என் உடம்புக்குத்தான் ஒத்துக்கல" என்றார் மாப்பிள்ளை, குழறியபடி.

விஞ்ஞானிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நட்டு, வாஷர், கடைசிப் பத்தி எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருஷப் பேச்சில் முதல் தடவையாக நாக்கு தடுமாறியது.

"நான் அதை நம்பவே இல்ல மாப்பிள்ள. நட்டு வந்துச்சு, பேசினேன்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் பிரஷர் இருக்குல்ல அண்ணே. நீ மாத்திரை சாப்பிடறியா?"

"எட்டு வருஷமா."

"அன்னிக்கு?"

"அன்னிக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்."

மாப்பிள்ளை கூரையிலிருந்து பார்வையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"ஆனா நல்லாத்தான் பேசினீங்க மச்சான்" என்றார்.