அண்ணியின் படங்குக் கயிறு

எங்கள் பதுளை வீட்டின் பின்பக்கத்தில் துணி காயப்போடும் கொடி ஒரு பழைய சணல் கயிறு. அதன் ஒரு முனை பிரிந்து நார் நாராக நிற்கிறது. கடையில் நல்ல நைலோன் கயிறு கிடைக்கிறதே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. எலி கடித்ததோ என்றும் கேட்பார்கள். கடித்தது எலி அல்ல, என் அண்ணி.

அண்ணி மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். தேயிலைச் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்கப் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்புக்குப் படங்கு என்று பெயர். அதை இறுக்கிக் கட்டிய கயிறுதான் இது. நாற்பதைத் தாண்டியதும் அண்ணியின் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. விடியற்காலையில் கை மடங்காது. காம்பிரா என்கிற தோட்டத்து வரிசை அறைகளில் பக்கத்திலிருந்த பெண்கள் படங்கைக் கட்டிவிட முன்வந்தும் அவர் விடவில்லை. படங்கு கட்ட முடியாத கை எப்படிக் கொழுந்து எடுக்கும் என்ற பேச்சு கங்காணியின் காதுக்குப் போய்விடும் என்ற பயம். "மலைக்கு வராதேன்னுட்டாங்கன்னா இந்தக் காம்பிராவுக்குள்ள உக்காந்து நான் யாரோட பேசுறது தம்பி?" என்பார்.

மூட்டு நோய் கிளினிக்குக்காக முதல் நாளே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான்தான் கூடப் போவேன். அங்கிருந்த டாக்டர் அம்மா யாழ்ப்பாணத்தவர். ஒருமுறை குளிசைகளை எழுதிக் கொடுத்துவிட்டுத் தியானத்தைப் பற்றியும் சொன்னார்.

"குளிசை வீக்கத்தைப் பார்க்கும். நோவுக்குப் பயப்பிடுற மனசையும் பார்க்கவேணுமெல்லோ? காலமை கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கோ. நோவு வந்தால் துரத்தாதேங்கோ. வந்திட்டுது எண்டு பார்த்துக்கொண்டு இருங்கோ."

அண்ணி பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "கண்ண மூடினா எனக்குக் கங்காணிதான் வந்து நிப்பாரு. அவரையும் தொரத்தக் கூடாதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

எங்கள் வீடுகளில் கண்ணை மூடி உட்கார்வது என்றால் அது சாமி காரியம். அண்ணி அதை விரதமாகவே எடுத்துக்கொண்டார். குளித்து, படத்துக்கு விளக்கேற்றி, வெறும் வயிற்றோடு உட்கார்ந்தார். குளிசையோ சாப்பிட்ட பிறகு போடவேண்டியது. எழும்பும்போது, மலைக்குப் போகுமுன் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடும். சாப்பாடு நின்றது, அதோடு குளிசையும் நின்றது. விரதத்துக்குள் மருந்து தொட்டால் சாமியை நம்பவில்லை என்றாகிவிடும் என்றும் நினைத்திருக்கிறார். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. "உக்காந்துகிட்டே தூங்குறதுக்கு டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்திருக்காங்க" என்று என்னிடம் கேலி செய்தார்.

லீவில் தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு காலையில்தான் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் பெரட்டுக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை முழங்கைக்குள் இடுக்கி இழுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் பழம்போல் வீங்கியிருந்தன. கயிறு இறுகவில்லை, கண்ணில் நீர் நிறைந்திருந்தது. அன்றுதான் குளிசையை விட்ட கதையைச் சொன்னார். மலைக்குப் போகவிடாமல் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன்.

டாக்டர் அம்மா கோபிப்பார் என்று இருவருமே பயந்தோம். அவர் அண்ணியின் கையைத் தன் கைக்குள் எடுத்துவைத்துக்கொண்டு, "ஐயோ அம்மா, இது விரதமில்லை. சாப்பிட்டிட்டு, குளிசையும் போட்டிட்டு இருந்தால் மூச்சு கோவிக்குமே?" என்றார். அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் ஒழுங்கு மாறியது. முதலில் ரொட்டி, பிறகு குளிசை. பிறகு வெந்நீர்ச் சட்டிக்குள் இரண்டு கைகளையும் வைத்தபடி கண்ணை மூடி உட்கார்வார். கேலி செய்த அண்ணன்தான் அடுப்பூதி வெந்நீர் வைத்தார். வீக்கம் வற்றச் சில மாதங்கள் ஆயின. அது மருந்தின் வேலை. வளைந்த விரல்கள் நிமிரவும் இல்லை. அப்படியானால் உட்கார்ந்ததில் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். "நோவு இருக்கு தம்பி. அது ஒரு பக்கம் இருக்கு, நான் ஒரு பக்கம் இருக்கேன்" என்றார். பென்சன் வயது வரும்வரை தன் படங்கைத் தானேதான் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

சென்ற வருடம் ஒரு சாக்குக் கிழங்கோடு வந்தார். எங்கள் கொடி அறுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, சாக்கின் வாயைக் கட்டியிருந்த இந்தக் கயிற்றை அவிழ்த்தார். வாங்க நான் கை நீட்டினேன். "நீங்க தள்ளி நில்லுங்க தம்பி, ஒங்க முடிச்ச எனக்குத் தெரியாதா?" என்றார். ஆணிக்கு எதிரே நின்று கண்ணை மூடினார். மூச்சு ஒருமுறை உள்ளே போய் மெல்ல வெளியே வந்தது. பிறகு அந்த வளைந்த விரல்கள் அவசரமில்லாமல் கயிற்றைச் சுற்றி, நுழைத்து, இழுத்தன. வாய் மூடியே இருந்தது.

இன்று காலை வெயில் இல்லை. ஈரத் துணிகளின் பாரத்தில் கயிறு நடுவில் தொய்ந்திருக்கிறது. ஆணியில் முடிச்சு தளரவில்லை.