முப்பத்தெட்டு வரைபடங்களும் ஒரு பல்சக்கரமும்

வீட்டு வரைபடம் போடும் என் சித்தப்பா, அடுத்தவர் டேப்பில் அளந்ததை நம்பமாட்டார். தன் டேப்பில் இன்னொரு முறை அளந்த பிறகுதான் பென்சிலைத் தொடுவார். அவர் கணினியில் நான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தபோதும், "சும்மா தர்றவன் எதுக்குடா தர்றான்?" என்றுதான் கேட்டார்.

அன்று காலை திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். முகப்பில் வரிசையாக இருந்த முப்பத்தெட்டு வரைபடங்களையும் காணவில்லை.

"நேத்து உன் தம்பிதானே இங்க உட்கார்ந்திருந்தான்? மொத்தத்தையும் துடைச்சிட்டான்" என்றார் சித்தியிடம்.

"அவன் பாட்டுதான் கேட்டான்."

"பாட்டுக்குக் காது போதுமே, கை எதுக்கு மவுஸுல? இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. நான் கணினிக் கணக்கிலிருந்து வெளியேறி, உள்நுழையும் திரையின் மூலையில் இருந்த சின்னப் பல்சக்கரப் படத்தை அழுத்தினேன். லினக்ஸில் முகப்புக்கே பல வகை உண்டு; சித்தியின் தம்பியான மாமா நேற்று அங்கே வேறொரு வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது முகப்பில் கோப்புகளைக் காட்டாது. பழையதற்கு மாற்றியதும் முப்பத்தெட்டும் வந்தன.

"ஒளிச்சு வச்சிருந்தானா?"

"இல்ல சித்தப்பா, எல்லாம் அதே இடத்துலதான் இருந்துச்சு. முன்பக்கம்தான் வேற."

"மறுபடி மாத்து."

மூன்று முறை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கோப்புறையைத் திறந்து விரல் வைத்து எண்ணினார். பிறகு ஒரு சமையலறையின் அகலத்தைத் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உன் தம்பி சாயங்காலம் வருவானா?"

"எதுக்கு, அவனையும் எண்ணிப் பாக்கவா?" என்றாள் சித்தி.

"வரச் சொல்லு. பாட்டு கேக்கட்டும். மவுஸை மட்டும் நான் பிடிச்சுக்கறேன்."