கனகம் திருத்திய கேள்வி

‘பதுக்கல்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் கனகம் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுவார். யார் எழுதிய தாள், அடியில் எந்தப் பேராசிரியரின் கையெழுத்து என்றெல்லாம் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு, கோட்டின் மேல் இன்னொரு கோடு, பிறகு அடியில் இருப்பதைப் படிக்க முடியாதபடி ஒரு கிறுக்கல். புதன்கிழமைதோறும் காலை பத்தரைக்கு, கோவைக் கல்லூரி ஒன்றின் உளவியல் துறை மாடியறையில் இது நடக்கும். சுற்றியிருக்கும் ஆராய்ச்சியாளர்கள் நால்வரும் அவர் நிமிரும்வரை காத்திருப்பார்கள்.

“பதுக்கறதுங்கறது அரிசி மூட்டையைப் பதுக்கறதுங்க. அதுக்குப் போலீசு வரும். நாங்க அதுங்களா பண்றோம்?”

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒண்டிப்புதூரில் வீடு. நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் நூலைக் கோனில் சுற்றும் இயந்திரம் ஓட்டியவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் என்பதால், ரகசியம் சொன்னாலும் வராந்தா வரை கேட்கும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் டீ குடித்த காகிதக் கப்புகளை வாங்கிக் கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பைக்குள் வைத்துக்கொள்வார். மிளகாய் நாற்று விட ஆகுமாம். முதல்முறை இதைப் பார்த்தபோது ஆராய்ச்சியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகம் அதையும் பார்த்துவிட்டார்.

“எனக்கு நல்லாயிருச்சுன்னு யாரும் எழுதிப்போடாதீங்க. ஒரு ரூம்பு நெறைய இன்னும் இருக்குது. ஆனா இப்பக் கட்டில்ல படுக்கறேன். அதை எழுதுங்க.”

ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த வீட்டில் கட்டில் இருப்பதே வெளியில் தெரியாது. பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போட அவருக்குக் கை வராது. சாமி படக் காலண்டருக்கும் அதே மரியாதை. கழுவிக் காயவைத்த பால் கவர்கள், மூடி சரியாக இருக்கும் ஊறுகாய் பாட்டில்கள், மில்லை மூடியபோது கொண்டுவந்த காலிக் கோன்கள் என்று பதினெட்டு வருடத்தில் ஹால் இடுப்பளவுக்கு உயர்ந்துவிட்டது. அண்ணன் மகள் கல்யாணத்துக்காக அவர் பொள்ளாச்சிக்குப் போயிருந்த மூன்று நாளில், மகன் சசிதர் இரண்டு மினி லாரிகளை வைத்து எல்லாவற்றையும் அள்ளி அனுப்பினான். சுவருக்கு வெள்ளையும் அடித்தான். அம்மா சந்தோஷப்படுவார் என்று மனதார நம்பித்தான் செய்தான்.

“வாசல்ல நின்னு ‘சசி’ன்னு கூப்புட்டனுங்க. என்ற கொரலே திரும்பி வந்துச்சு. அப்புடியே உக்காந்துட்டேன்” என்பார் கனகம். மூன்று நாள் சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. மகன் காலடியில் உட்கார்ந்து அழுதான். அடுத்த பதினான்கு மாதத்தில் ஹால் முன்னைவிட உயரமாக நிறைந்தது. இந்தமுறை ஜன்னலும் மறைந்தது.

ஆராய்ச்சி மாணவி லாஸ்யா கனகத்தின் வீட்டு கேட்டுக்கு வந்தது அப்போதுதான். இப்படிப்பட்ட வீடுகள் ஏன் உருவாகின்றன என்று அறிய அவளுடைய துறை ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. கையில் பன்னிரண்டு முகவரிகள், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த கேள்வித்தாள். முதல் கேள்வியை லாஸ்யா பணிவாகத்தான் படித்தாள்: “பயனற்ற பொருட்களைப் பதுக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா?”

கனகம் கேட்டைச் சாத்திவிட்டார். பன்னிரண்டு வீட்டிலும் அதுதான் நடந்தது.

ஒரு வாரம் கழித்து லாஸ்யா மறுபடி வந்தாள். இந்தமுறை கேள்வித்தாளைக் கம்பிகளின் இடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள். கூடவே ஒரு பேனா.

“எனக்குக் கேக்கத் தெரியலைங்க கனகம்மா. எப்படிக் கேக்கோணும்னு நீங்களே எழுதிக் குடுங்க.”

கனகம் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு அங்கேயே, மதில்மேல் தாளை வைத்து, முதல் வரியை முழுக்க அடித்துவிட்டு மேலே எழுதினார்: ‘உங்க ஊட்டுல சாமான் ரொம்பச் சேந்துபோச்சுங்களா?’

“நாம சேத்துனமுங்களா, தானாச் சேந்துச்சான்னு யாருக்குத் தெரியுது கண்ணு? இப்புடிக் கேட்டாத்தான் பதில் வரும். போயிக் கேட்டுப்போட்டு வா” என்றார்.

பதில் வந்தது. மூடிக்கிடந்த மற்ற பதினோரு கதவுகளில் பத்து திறந்தன. ஒரு வீட்டில் அந்த வரியைக் கேட்டதும் ஓர் அம்மாள் லாஸ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாங் கண்ணு, ஆமாங் கண்ணு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். துறைத்தலைவர் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கனகத்துக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினார். அன்று முதல் புதன்கிழமைகள் அவருடையவை ஆயின. குழுவின் தாள்களில் அவர் பெயருக்கு எதிரே ‘கூட்டு ஆய்வாளர்’ என்று அச்சாகியிருக்கும். அதைப் படித்துக் காட்டியபோது, “பேருல எழுத்துப்பிழை இல்லியே?” என்று மட்டும் கேட்டார்.

திறக்காத ஒரே கதவு கோவையின் கணபதி பகுதியில் இருந்தது. லட்சுமணசாமி, எழுபத்தொரு வயது, தனியாள். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றித்தரும் ரீவைண்டிங் பட்டறையை நாற்பது வருடம் நடத்தியவர். பட்டறையைக் காலி செய்தபோது அதில் இருந்த அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குள் சாரைப்பாம்பு நுழைந்ததும் தெருக்காரர்கள் மாநகராட்சியில் மனுக் கொடுத்தார்கள். சாமான்கள் முப்பது நாளில் அப்புறப்படுத்தப்படும் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லாஸ்யா இருமுறை போய்த் திரும்பினாள். மூன்றாம் முறை கனகம் கூட வந்தார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. கனகம் வீட்டைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா, சாமான் ரொம்பச் சேந்துபோச்சுங்களா?”

“ஆமாம்மா, சேந்துபோச்சு” என்றார் அவர். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

உள்ளே உடம்பை ஒருக்களித்துத்தான் நிற்க முடிந்தது. கேட்காமல் எதையும் தொடுவது கனகத்தின் வழக்கமில்லை. எண்ணெய் ஏறிய ஓர் இரும்பு மூடியைச் சுட்டிக்காட்டி அது என்னவென்று கேட்டார்.

“ஏழரை ஹெச்.பி. மோட்டாரோட மூடி. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. வெள்ளகோவில் பக்கமிருந்து எவனாச்சும் கெணத்துக்காரன் தேடிட்டு வருவான்.”

“வந்தாங்களாண்ணா?”

“மூணு வருசத்துக்கு மின்னால ஒருத்தன் வந்தானே! கையெடுத்துக் கும்புட்டு வாங்கிட்டுப் போனான்.”

கனகம் லாஸ்யாவைத் திரும்பிப் பார்த்தார். கேள்வித்தாளில் மிச்சமிருந்த ‘பயனற்ற பொருட்கள்’ எல்லாம் அந்த ஒரு பார்வையில் அடிபட்டுப் போயின.

முப்பது நாள் முடிந்த திங்கட்கிழமை காலை லாரி வந்தது. நான்கு ஆட்கள், கையில் கோப்புடன் வார்டு சுகாதார ஆய்வாளர் ஆறுச்சாமி. லட்சுமணசாமி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். தெருவே வெளியில் வந்து நின்றது. கனகமும் லாஸ்யாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

“ஏனுங்க சார், என்ற ஊட்டுல இப்புடித்தான் ஒரே நாள்ல காலி பண்ணுனாங்க” என்று கனகம் தொடங்கினார். தெரு முழுக்கக் கேட்டது. அது அவருக்கும் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. சோறு இறங்காத மூன்று நாளையும், பதினான்கு மாதத்தில் ஜன்னல் மறைந்ததையும் முன்பின் தெரியாத அத்தனை பேர் நடுவில் சொன்னார். “சாமான் போச்சுங்க, வியாதி போகலீங்க. இன்னைக்கு அள்ளுனீங்கன்னா, இதே லாரியை அடுத்த வருசமும் கொண்டாரோணும்.”

லாஸ்யா தன் தாள்களை நீட்டினாள். ஆள் சம்மதமில்லாமல் காலி செய்த ஒன்பது வீடுகளைக் குழு போய்ப் பார்த்திருந்தது. இரண்டு வருடத்துக்குள் எட்டு வீடுகள் மறுபடி நிறைந்திருந்தன.

ஆறுச்சாமி அதைப் பொறுமையாகப் படித்தார். கெட்டவர் இல்லை. “எல்லாஞ் சரிங்கம்மா. நாளைக்குத் தீப்புடிச்சா இவரைத் தூக்கிட்டு வர்றதுக்கு உள்ள வழி இருக்குதுங்களா? ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நாந்தானுங்களே பதில் சொல்லோணும்?”

கனகம் தலையாட்டினார்.

“நீங்க சொல்றதும் நாயந்தானுங்க. அப்பச் சாமானைப் பத்திப் பேசவேண்டாம். வழியைப் பத்திப் பேசுவோம். எத்தனை அடி வேணும்?”

வாசலிலிருந்து சமையலறை வழியாகப் பின்கதவு வரை இரண்டரை அடி அகலம். அறுபது நாள் அவகாசம். ஆறுச்சாமி கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி காலியாகத் திரும்பிப் போனது. தாழ் விலகிய கதவிடுக்கில் நின்று லட்சுமணசாமி அது போவதைப் பார்த்தார்.

அறுபது நாளும் சுலபமாகப் போகவில்லை. முதல் செவ்வாய்க்கிழமை வெளியே போன போல்ட் பெட்டி புதன்கிழமை திரும்பி உள்ளே வந்தது. கனகம் கடிந்துகொள்ளவில்லை. “எனக்கு இதே மாதிரி பதினோரு தடவை ஆச்சுங்ண்ணா” என்றார். அதைக் கேட்டு லட்சுமணசாமி முதல்முறையாகச் சிரித்தார். மூன்றாம் வாரம், பிரித்துப் பழகப் பழைய மோட்டார் வேண்டும் என்று தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியை அன்புச்செல்வி வந்தார். லட்சுமணசாமி அவரை ஒரு மணிநேரம் விசாரித்தார்.

“பிரிச்சுப்போட்டுத் திருப்பி மாட்டுவாங்களா?”

“மாட்டலைன்னா மார்க் இல்லீங்க.”

முப்பத்தெட்டு மோட்டார்கள் போயின. வண்டியில் ஒவ்வொன்றையும் அவரே துடைத்து ஏற்றினார். அது தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, “அடுத்து அந்த மூலை” என்றார். எங்கே போகிறது என்று தெரிந்தால் கை தானாக விடுகிறது என்பதை லாஸ்யா அன்று குறித்துக்கொண்டாள். ‘தூக்கி எறிய’ என்று தாளில் இருந்த இடமெல்லாம் ‘சேர வேண்டிய இடத்துக்கு அனுப்ப’ என்று ஆனது.

ஐம்பத்தெட்டாம் நாள் ஆறுச்சாமி டேப்புடன் வந்தார். குனிந்து மூன்று இடங்களில் அளந்தார். இரண்டு அடி எட்டு அங்குலம். “ரெண்டு இஞ்சு சேத்தியே இருக்குதுங்க” என்று அவர் நிமிர்ந்தபோது, லட்சுமணசாமி தோள் துண்டை எடுத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஓர் எண்ணெய்க் கறையை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். பாதையின் இருபுறமும் சாமான்கள் சுவர்போல அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கையெழுத்தில் பெயர் இருந்தது. மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிடுவதை விட்டு வீட்டில் சமைக்கப்போவதாக அன்றே அறிவித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த அப்துல் வஹீது வாசற்படியில் அதை இறக்கிவிட்டு, “உள்ள போகுமுங்களா?” என்று தயங்கி நின்றார். சமையலறையில் புது அடுப்புக்குப் பக்கத்தில் லட்சுமணசாமி காத்திருந்தார். கனகம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாதையின் நடுவே வந்து நின்றார். சாய்த்து உருட்டிவரும் சிலிண்டருக்கு முன்னால் பின்புறமாக நடந்தபடி, ஸ்டாண்டில் பஸ்ஸைத் திருப்ப வழிகாட்டும் கண்டக்டரைப் போல இரு கையையும் ஆட்டி, “வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்...” என்று சமையலறை வரை அழைத்துப் போனார். அங்கே, வெறுமையாய் இருந்த சுவரில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தச் சொன்னார்.