கேள்வி முடியும் வரை

பெரிய மருத்துவமனையின் விசாரணை ஜன்னலில் இருபத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் மின்னல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அடுத்த ஜன்னலில் அனுமதிச் சீட்டு எழுதுவது என் வேலை. எதிரே நிற்பவர் "இந்த எலும்பு..." என்று வாயெடுத்ததுமே, "மூணாவது மாடி, இடது கைப் பக்கம்" என்று பதில் வந்து விழும். அதற்குள் அக்காவின் கண் அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். வரிசை மளமளவென்று நகரும். மேலாளருக்கு அவர்மேல் தனி மரியாதை.

பக்தியிலும் அதே வேகம்தான். காலையில் படுக்கையறை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மகளின் வேலை, கணவரின் முதுகுவலி, ஒழுகும் கூரை என்று எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்பித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருவார். தையற்காரரான அவர் கணவர் ஒருநாள் கேட்டாராம்: "நீ பாட்டுக்கு சொல்லிட்டு எழுந்து ஓடுற. அவருக்கும் ஏதாவது சொல்ல இருந்தா?" அக்கா இதைச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கையில் துணிப் பை. அதில் ஒரு பெண்ணின் புது உடை.

"என் சம்சாரத்த நேத்து இங்க..."

"பிரசவம் ரெண்டாவது மாடி. படியேறி நேரா போங்க."

அவர் போனார். அரை மணி நேரம் கழித்து என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"பிணவறை எங்க இருக்குங்க? அந்தம்மா மாடிக்கு அனுப்பிட்டாங்க. அங்க ஒருத்தர் என்ன குழந்தைன்னு கேட்டுட்டார்."

அவர் மனைவி முந்தின நாள் சாலை விபத்தில் இறந்திருந்தார். உடலை வாங்கிப் போகத்தான் வந்திருந்தார்.

அக்காவின் காதில் அது விழுந்தது. வேலை நேரத்தில் அவர் ஜன்னலை விட்டு எழுந்து நான் பார்த்ததேயில்லை. அன்று எழுந்தார். பின்பக்கம் இருந்த பிணவறை வரை கூடவே நடந்தார். "மன்னிச்சிடுங்க, நான் முழுசா கேக்கல" என்றாராம். அதற்கு அந்த மனிதர், "பரவாயில்லீங்க. கொஞ்ச நேரம் அவ உயிரோட இருக்கற மாதிரி அங்க நின்னுட்டு வந்தேன்" என்றாராம்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அக்கா.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வேண்டுதல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சும்மா இருந்தார். பிறகு இதைச் சொன்னபோது, "காதுல என்ன கேட்டுச்சு?" என்றேன். "ஒண்ணுமே கேக்கல. ஆனா எழுந்திருக்கவும் மனசு வரல." இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். அதன்பின் தினமும் அப்படியே உட்கார்ந்தார்.

ஜன்னலிலும் கேள்வி முடியும் வரை காத்திருக்கத் தொடங்கினார். சுலபமாக வரவில்லை. பதில் நாக்கு நுனியில் துடிக்கும், உதட்டைக் கடித்துக்கொள்வார். வரிசை வாசலைத் தாண்டியது. ஜனங்கள் கத்தினார்கள். மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். எனக்கே எரிச்சல் வந்து, "ஊர்க்கதை கேக்கற இடமா இது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

நாலு மாதம் இருக்கும். லாரி ஓட்டும் ஒருவர் வந்து, "வெளிய போற வழி எதுங்க?" என்றார். வாசல் அவருக்கு நேர் எதிரே விரியத் திறந்து கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா வாசலைக் காட்டவில்லை. பேசாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"பொண்ணுக்குக் கால எடுக்கணுமாம்" என்றார் அவர், வெகுநேரம் கழித்து. "கையெழுத்துப் போடச் சொன்னாங்க. பேனாவ வச்சிட்டு வந்துட்டேன்."

"பொண்ணு என்ன பண்ணுது?"

"அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டு இருப்பா."

அக்கா எழுந்து வெளியே வந்தார். "வாங்க, நானும் வரேன்" என்று அவரோடு மாடியேறினார். கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்காவே பேச்செடுத்தார். "அவர் சும்மா நின்னார்ல, அப்ப 'வாயத் திறக்காதே'ன்னு உள்ள ஒண்ணு சொல்லுச்சு. அது நான் இல்ல. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

"கடவுளா?"

"தெரியல. ஆனா முன்னாடியும் பேசியிருக்கும்னு தோணுது. நான்தான் முந்திக்கிட்டேன்."

அடுத்த மாதம் மேலாளர் விசாரணைக்கு இரண்டாவது ஜன்னல் திறந்து அதில் என்னை உட்கார வைத்தார். முதல் நாளே ஏழு பேரின் பேச்சைப் பாதியில் வெட்டினேன். எட்டாவதாக வந்த கிழவர் திக்கித் திக்கிப் பேசினார். பக்கத்து ஜன்னலில் அக்கா தலை நிமிரவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா சொல்லுங்கய்யா" என்றேன்.