மூன்று எண் அக்கா

எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை தெரியாது என்று அந்த லேபிள் பட்டறையில் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் அங்கே கம்ப்யூட்டரில் உட்காரும் அக்கா. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சட்டைக் காலரில் தைக்கிற லேபிளை நெய்யும் தறி. அதை ஓட்டுவது முப்பது வயசுக் கம்ப்யூட்டர். உள்ளே இருக்கும் கடிகாரச் சிப்புக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வராவிட்டால், அணைத்ததும் அதற்குத் தேதி, நேரம், தன் டிஸ்க்கின் அளவு எல்லாம் மறந்துபோகும். காலையில் அக்கா வந்து அந்த அளவைச் சொல்லும் மூன்று எண்களை அடித்தால்தான் கண் விழிக்கும். அவற்றை எழுதி டிஸ்க்கில் ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ உரிந்துவிட்டது. எண்கள் அக்காவுக்கு மட்டும் மனப்பாடம். காய்ச்சலோடு வந்து அடித்துவிட்டுத் திரும்பிய நாளும் உண்டு.

மூன்று தடவை பேட்டரி மாற்றினேன். சிப்பையும் மாற்றினேன். நான் இருக்கும்வரை ஓடும். மறுநாள் அதே கதை.

“என்னப்பா, பேட்டரி மாத்தினியா, இல்ல மூடியத் தொறந்து காத்து வாங்கினியா?” என்றார் முதலாளி. தறிக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவும்.

கழற்றிய பேட்டரியைப் பார்க்காமலே எறிந்துகொண்டிருந்தேன், மடையன். நாலாவது தடவை அதில் மீட்டரை வைத்தேன். முள் அசையவே இல்லை. நகத்தால் சுரண்டினால், கரண்ட் போகாதபடி வட்டமாக வெட்டி ஒட்டிய கண்ணாடி டேப் கையோடு வந்தது.

“அக்கா, யார் வேலை இது?”

“கத்தாதீங்க தம்பி. இது தானா எந்திரிச்சா நாளைக்கே முதலாளியோட கொழுந்தியா இங்க உக்காந்துடுவா. வீட்ல மனுஷன் முதுகு ஒடிஞ்சு படுக்கையில கெடக்காரு.”

“அதுக்கு என் பொழப்புலயா கை வப்பீங்க?”

“உங்களுக்கு நூறு கடை. எனக்கு இந்த ஒரு நாற்காலி.”

காது சுட்டது. இருந்தாலும் புதுப் பேட்டரியில் டேப்பை ஒட்டி, மூடியை முடுக்கி, “போர்டே போச்சு சார், இதுக்கு வேற போர்டு இப்ப கெடைக்காது” என்றேன் முதலாளியிடம்.

“இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஒருவரும் என்னை ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை. அக்கா நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதிரில் வந்தால், “சாப்டீங்களா தம்பி?” அவ்வளவுதான்.

போன மாதம் அக்கா போன் செய்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். மகளோடு இருக்க வெளியூர் போகிறாராம். நான் போனபோது கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார். புதுப் பேட்டரி போட்டு, தேதியையும் எண்களையும் அக்காவைக் கடைசியாக ஒரு தடவை அடிக்கவைத்து, அணைத்து, மறுபடி போட்டேன். தானாக எழுந்தது. தேதியும் சரி. அக்காவின் விரல்கள் பழக்கத்தில் கீபோர்டுவரை போய்த் திரும்பின.

“எல்லாம் நான் பண்ணதுதான்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க தம்பி. இப்ப வேணாம். நான் பஸ் ஏறினப்புறம்.”