விட்டுப்போன இரண்டு ‘ஏன்’

என் வாய் காய்ந்துபோனதற்குச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த ஆர்.ஓ. மிஷின்தான் காரணம் என்று இரண்டு மாதம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எழுதியும் வைத்தேன்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பாகம் பழுதென்றால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பது எங்கள் வழக்கம். அதே படிவத்தில் என் வாயை ஏற்றினேன். ஏன் காய்கிறது? எச்சில் இல்லை. ஏன் இல்லை? உடம்பில் உப்புச்சத்து இல்லை. ஏன்? குடிதண்ணீரில் இருப்பதை மிஷின் உறிஞ்சிவிடுகிறது. மூன்றிலேயே ஆள் சிக்கிவிட்டதால் மீதி இரண்டை விட்டுவிட்டேன்.

மிஷினைக் கழற்றிப் பரணில் போட்டேன். உத்தனப்பள்ளி மாமனார் வீட்டு போர் தண்ணீரை வாராவாரம் பைக்கில் கேனில் கட்டிவந்தேன்.

“அதே தண்ணியத்தானே நானும் குடிச்சேன்? எனக்கு ஏன் காயலைங்க?” என்றாள் மனைவி.

நான்காவது ‘ஏன்’. காதில் விழாததுபோல இருந்துவிட்டேன். இருபது வருடம் ஷிஃப்டு தவறாமல் பாக்கு மென்றவன் நான். புற்றுநோயோ என்கிற பயத்தை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

ஒருநாள் கேன்டீனில் ஜோக் சொல்லும்போது பிஸ்கட் மேலண்ணத்தில் சிமென்ட் மாதிரி அப்பிக்கொண்டது. கடைசி வரி வெளியே வரவில்லை.

“அண்ணா, இப்ப சிரிக்கணுமா, இன்னும் இருக்குதா?” என்றான் எதிரே இருந்த ஆபரேட்டர்.

மறுநாளே பல் டாக்டரிடம் ஓடினேன். அந்தம்மா நெடுநேரம் பார்த்தார்.

“புத்து மாதிரி எதுவும் தெரியல சார். ஆனா எச்சிலே ஊறல. கண்ணு உறுத்துதா?”

உறுத்தியது. வெல்டிங் புகை என்றிருந்தேன்; ஏன் என்று கேட்கவேயில்லை. அது ஐந்தாவது.

பெங்களூரில் ஒரு வாதநோய் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள். இமையில் அளவுக்கோடு போட்ட தாளைச் செருகினார்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணீரில் இரண்டு மில்லிமீட்டர்தான் நனைந்தது. ஐந்துக்குக் கீழே ரிஜெக்ட் என்று கேட்காமலே புரிந்தது. கீழுதட்டின் உள்ளே கடுகளவு சதையைச் சோதனைக்கு வெட்டினார்கள்.

பத்தாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சொன்னார்: “உங்க எதிர்ப்புசக்தியே உங்க எச்சில் சுரப்பியையும் கண்ணீர் சுரப்பியையும் அடிக்குது.”

“என்னோடதா? என்னையா?” என்று இரண்டு தடவை கேட்டேன். கூட வந்திருந்த மனைவி என் கையைப் பிடித்தாள். மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அதன் பெயர் ஷோகிரன் நோய். முழுதாகக் குணமாகாது, மாத்திரை, கண் சொட்டுமருந்தோடு கட்டுக்குள் வைக்கலாம். புற்றுநோய் இல்லை. தண்ணீரிலும் ஒரு குறையும் இல்லை.